ஸ்டூல் தூக்கப் போன கதை

சிங்கப்பூர் போய்வந்து ஒரு வாரமாகிறது. இடது தோள்பட்டையில் இன்னும் பிடிப்பு இருக்கிறது. அங்கே தினமும் படுக்குமுன் நோட்டில் கிறுக்கியதைத் தேதிவாரியாகப் போடுகிறேன். மெரினா பே, செந்தோசா என்று எதிர்பார்த்து வருபவர்கள் மன்னிக்கவும். அந்தத் திசைக்கே நான் போகவில்லை. போனது 2025 தைப்பூசத்துக்கு. அதுவும் பார்க்கத்தான் போனேன்.

பிப்ரவரி 8, சனி: தோ பாயோ

காலை ஆறரைக்கு விமான நிலையத்துக்கு வெளியே வந்தால் கும்மிருட்டு. இந்த ஊரில் சூரியன் ஏழேகாலுக்குத்தான் வேலைக்கு வருகிறார். அக்கா கூட்டிப்போக வந்திருந்தாள். போன வருஷம் முழுக்க வீடியோவில் மொட்டைத் தலையோடு பார்த்த முகம். இப்போது ஒரு விரல் நீளத்துக்கு முடி வளர்ந்திருக்கிறது, சுருட்டை சுருட்டையாக. "சின்ன வயசுல இந்தச் சுருட்டைக்கு எவ்வளவு ஏங்கினேன், தெரியுமாடி?" என்றாள். அழக்கூடாது என்று முடிவுசெய்து வந்திருந்ததால் பெட்டியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

தோ பாயோவில் ஒன்பதாவது மாடி. வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு. லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் காவடி பாகம் பாகமாகக் கிடந்தது. அலுமினிய வளைவுகள், மயில் தோகைக் கட்டுகள், பிஸ்கட் டின் நிறைய அலகுக் கம்பிகள். சுற்றிலும் சம்மணமிட்டு நான்கு பையன்கள். ஒருவன் சீனப் பையன், அக்கா மகனோடு தேசியச் சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், ஒரே பிரிவில் இருந்தவனாம். அக்கா மகன் "சித்தி வாங்க" என்றான். உடனே மற்ற மூவரும் "சித்தி வாங்க" என்றார்கள். சீனப் பையனும் "சித்தி" என்றான், 'த்' கொஞ்சம் வழுக்கியது. ஒரு நொடியில் நான்கு பேருக்குச் சித்தி.

அக்கா மகனுக்கு 26 வயது. அம்மாவுக்குக் குணமானால் அலகுக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தான். 48 நாள் விரதம், ஒருவேளைச் சைவச் சாப்பாடு, பாயில் படுக்கை. கன்னம் ஒட்டிப்போய், அவன் தாத்தாவின் சாயல் வந்துவிட்டது. அதாவது எங்கள் அப்பாவின் சாயல்.

தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறக்கப் போனேன். கதவில் காந்தம் வைத்து ஒரு தாள். தண்ணீர் மூன்று பேர். பாட்டு ஐந்து பேர். முன்னால் வழிவிடச் சொல்ல இரண்டு பேர். பின்கம்பி இரண்டு பேர். விபூதி, எலுமிச்சம்பழம் ஒருவர். செருப்புப் பை ஒருவர். அக்காவுக்குப் பால்குடம். இப்படி 22 பேர். கடைசி வரி, வேறு மையில்: "ஸ்டூல் – சித்தி."

"இது என்ன?"

"அவன் இடையில உட்காரணும்ல. ஸ்டூல் தூக்கிட்டுக் கூடவே நடக்கணும்" என்றாள் அக்கா, வெங்காயம் எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல.

நான் சென்னையில் பதினோரு வருஷமாகத் தனியாக இருக்கிறேன். சின்னச் சின்ன கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது தொழில். எதிர்வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கியதில்லை, கொடுத்ததும் இல்லை. யாருக்கும் பாக்கி வைக்காதவள் என்று அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதையும் இங்கே எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு: தேக்கா

எலுமிச்சம்பழம், கற்பூரம், விபூதிப் பொட்டலங்கள் வாங்க லிட்டில் இந்தியா. இங்கே எல்லாரும் தேக்கா என்றுதான் சொல்கிறார்கள். வெயில் 32 டிகிரிதான், ஆனால் காற்றைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும். தேக்கா உணவங்காடியில் பிரியாணி வாசனை ஆளைத் தூக்கியது. விரத வீட்டில் தங்கியிருக்கிறோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தோசையும் தேநீரும் வாங்கினேன். நான்கு வெள்ளி. வெள்ளிக்கு 64 ரூபாய் என்று மனசு பெருக்கியது. 256. பெருக்குவதை இன்றோடு நிறுத்த வேண்டும் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். நிறுத்தவில்லை.

கூட்டத்தில் காலியாக ஒரே ஒரு மேசை. மேலே ஒரு டிஷ்யூ பாக்கெட். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து உட்கார்ந்து, பிரித்து, கையும் துடைத்து, இரண்டாவது தாளால் மேசையையும் துடைத்தேன். ஒரு சீனப் பெரியவர் தட்டோடு வந்து நின்றார். பாக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். டிஷ்யூ பாக்கெட் வைத்தால் இடம்பிடித்ததாக அர்த்தமாம், 'சோப்' என்பார்களாம். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதற்குத் தங்கச்சி. நான் எழப் போக, "உட்காரு, உட்காரு" என்று ஆங்கிலத்தில் அதட்டி எதிரே அமர்ந்துகொண்டார். சாப்பிட்டு முடித்ததும் என் தட்டையும் அவர் தட்டின்மேல் அடுக்கிக்கொண்டு போனார். 2021 முதல் அவரவர் தட்டை அவரவர் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை உண்டு என்று அக்கா வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். ஆக, முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு மேசை, இரண்டு டிஷ்யூ, ஒரு தட்டு பாக்கி.

சாயங்காலம் தேக்கா வேறு ஊராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் கட்டுமான வேலை, கப்பல் பட்டறைத் தம்பிகள் ஆயிரக்கணக்கில். பஃபலோ ரோட்டில் என் பை அறுந்து எலுமிச்சம்பழங்கள் உருண்டோடின. ஐந்தாறு பேர் குனிந்து பொறுக்கினார்கள். ஒரு தம்பி தன் தோள்பையிலிருந்து கயிறு எடுத்துப் பையைக் கட்டிக் கொடுத்தார். "எந்த ஊருக்கா?" மதுரை என்றேன். அவர் முதுகுளத்தூர்ப் பக்கம். அவர் ஊர்க்காரர்கள் எல்லாரும் வாராவாரம் அதே மூலையில்தான் நிற்பார்களாம். போனில் பேசி வரச்சொல்ல வேண்டியதே இல்லை, வந்தால் இருப்பார்கள். "போன வருஷம் எங்கூர்ப் பையன் ஒருத்தனுக்கு அப்பா தவறிட்டாரு. இந்த மூலையில நின்னே டிக்கெட்டுக்குக் காசு சேத்தோம்க்கா. ராத்திரியே ஏத்தி விட்டோம்." திருப்பி வாங்குவீர்களா என்று கேட்டேன். கணக்குப் பிள்ளை புத்தி. "அவன் தரமாட்டான். அடுத்து எவனுக்காவது தருவான்" என்றார்.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். 50 பழம் வாங்கினேன், 51 இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்: கியோங் சைக் ரோடு

வெள்ளி ரதம். விடியற்காலை டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து கிளம்பி கியோங் சைக் ரோட்டிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்கு வருகிறது. பகல் முழுக்க முருகன் அண்ணன் வீட்டில் விருந்தாளி. மாலையில்தான் திரும்புவார்.

துணைக்கு வந்தவர் ஹார்பர் மாமா. துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்ததால் அந்தப் பெயர். வயது எழுபத்தாறு. யாருக்கு மாமா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அவருடைய அப்பா மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு கிட்டங்கியில் சமையல் ஆள். நகரத்தார் செட்டியார்கள் 1859இல் டேங்க் ரோடு கோயிலைக் கட்டியதை நான் படித்திருந்தேன். அவர்களுடைய கிட்டங்கியைப் பற்றி மாமா சொல்லித்தான் கேட்டேன். நீளமான ஒரே கூடம். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு கணக்கு மேசை, அவ்வளவுதான் அவரவர் கடை. பகலில் அங்கேயே வட்டிக்கணக்கு, ராத்திரி அங்கேயே படுக்கை. தொழில் தனித்தனி, உலை ஒன்று. "பக்கத்துப் பெட்டிக்காரர் போட்டிதான். ஆனா காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் கொடுக்கறது அவருதான்" என்றார் மாமா. பிழைக்க வந்தவர்கள் மூன்று வருஷம் போல் குடும்பத்தைப் பிரிந்து அந்தக் கூடத்தில் கிடந்திருக்கிறார்கள். நான் என் படுக்கையறையில் உட்கார்ந்து அதே வேலையைத்தான் பார்க்கிறேன். பக்கத்துப் பெட்டி மட்டும் இல்லை.

நாளை லீவா என்று கேட்டேன். இல்லையாம். 1968இல் பொது விடுமுறைகளை வெட்டியபோது தைப்பூசம் போயிற்று, தீபாவளி மட்டும் தங்கியது. 22 பேரும் சொந்த விடுப்பைச் செலவழித்துத்தான் வருகிறார்கள். 1973இல் ஊர்வலத்தில் மேளதாளத்துக்கும் தடை வந்தது. 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். "அப்ப எப்படி மாமா காவடி ஆடினது?" மாமா தன் கழுத்தைத் தட்டிக் காட்டினார். "இதுதான் மேளம். ஒருத்தன் தொண்டை கட்டினா அடுத்தவன். டேங்க் ரோடு போறதுக்குள்ள ஒருத்தனுக்கும் பேச்சு வராது."

இரவு அவர்தான் எனக்கு ஸ்டூல் பாடம் எடுத்தார். மர ஸ்டூல், கனம். மாமா இருபது வருஷம் தூக்கியது. முட்டி தேய்ந்துபோனதால் இந்த வருஷம் என்னிடம் வந்திருக்கிறது. நான்கு கால்களில் மூன்றில்தான் ரப்பர் குமிழ் இருந்தது. நான்காவது மொட்டை.

"எல்லாரும் காவடியைப் பாப்பாங்க. நீ பாக்காதேம்மா. அவன் முழங்காலைப் பாரு. நடுங்கினா வை. அவன் கேக்கற வரைக்கும் இருக்காதே, அவன் கேக்கமாட்டான்."

பத்து தடவை ஒத்திகை. காவடிக்குப் பதில் சீனப் பையன் துணி காயப்போடும் ஸ்டாண்டைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். நான் ஏழு தடவை சரியாக வைத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்: சிராங்கூன் ரோடு முதல் டேங்க் ரோடு வரை

மூன்று மணிக்கு எழுந்தோம். பால்குடக்காரர்கள் நேற்று நள்ளிரவுக்கு முன்பே கிளம்பத் தொடங்கிவிட்டார்கள், அலகுக் காவடிகள் காலையில். ஊர்வலம் கிளம்பும் சீனிவாசப் பெருமாள் கோயில் வளாகம் முழுக்க காவடிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு குடும்பம், ஒரு பட்டாளம். எங்கே பார்த்தாலும் தொண்டூழியர்கள். விபூதியும் வியர்வையும் பச்சைப் பாலும் கலந்த வாசனை.

அலகு குத்துவதைப் பார்க்க முடியாது என்று நினைத்திருந்தேன். பார்த்தேன். பெரியவர் விபூதியைத் தேய்த்து ஒவ்வொரு அலகாக வைக்க, ஐந்து பேர் அக்கா மகனின் காதருகே "வேல் வேல்" என்று விடாமல் சொன்னார்கள். அவன் கண் ஒருவர் முகத்திலேயே நிலைகுத்தியிருந்தது. அந்த ஒருவர் முன்னால் நின்று அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார், இமைக்காமல். பட்டியலில் அதற்கும் ஓர் ஆள் இருந்தது: "கண் – பெரியண்ணன்." முந்தாநாள் அதைப் படித்துவிட்டு எழுத்துப்பிழை என்று நினைத்திருந்தேன். நாக்கில் சின்ன வேல் ஏறியது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. அதன் பிறகு அவனால் பேச முடியாது. பசி, தாகம், வலி எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏழரை மணிபோல் எங்கள் முறை வந்தது. தூரம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கேட்டால் ஒன்றுமில்லைபோல் இருக்கும், நான் அடையாறில் தினமும் நடக்கிற தூரம்தான். ஆனால் முப்பது கிலோ காவடிக்குப் பின்னால், வெறுங்காலில், நின்று நின்று போகும்போது கிலோமீட்டருக்கே வேறு அளவு. வீரமாகாளியம்மன் கோயில் தாண்டுவதற்குள் தார் சூடேறத் தொடங்கியது. ஒரு முன்பின் தெரியாத அம்மாள் வாளியோடு வந்து அவன் பாதத்தில் தண்ணீர் ஊற்றினாள். என்னையும் பார்த்து, "நீங்களும் காட்டுங்க" என்றாள். காட்டினேன். குளிர்ந்தது.

இசைக்கு அனுமதித்த இடத்தில் உறுமி அதிர்ந்தபோது அவன் காவடியோடு சுழன்றான். மயில் தோகை என் முகத்தில் வீசியது. 22 பேரும் பின்வாங்கி வட்டமானோம், சுழற்சி நின்றதும் வட்டம் சுருங்கியது. யாரும் சொல்லித்தரவில்லை. மேளம் இல்லாத நீளமான தெருவில் எங்கள் தொண்டைகள்தான். எனக்குக் குரல் கிடையாது, பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கே வாயசைத்தவள். செலிகி பக்கம் வரும்போது என் தொண்டையும் கட்டியிருந்தது.

நான்கு தடவை முழங்கால் நடுங்கியது. நான்கு தடவையும் சரியாக வைத்தேன். அதில்தான் மிதப்பு வந்துவிட்டது.

தோபி காட். வண்ணாந்துறை என்று அர்த்தம். ஒரு காலத்தில் இந்தியச் சலவைக்காரர்கள் துணி வெளுத்த ஓடைக்கரை, இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே ஒரு சீனப் பாட்டி மஞ்சள் புடவை கட்டிப் பால்குடம் தலையில் வைத்து நடந்துகொண்டிருந்தாள், ஒரு சொட்டு சிந்தாமல். பதிவுக்கு நல்ல படமாயிற்றே என்று நின்று போனை எடுத்தேன். ஸ்டூல் கால்களுக்கு நடுவில். ஒரு நிமிஷம் இருக்கும். நிமிர்ந்தபோது எங்கள் காவடி முப்பது நாற்பது மீட்டர் முன்னால் போயிருந்தது. நடுவில் இன்னொரு காவடி, அதன் ஆட்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள். வரிசை சடக்கென்று நின்றது.

தூரத்திலிருந்தே தெரிந்தது. முழங்கால் நடுங்குகிறது.

"சித்தி! ஸ்டூல்!" யாரோ கத்தினார்கள். அந்தக் காவடியின் ஆட்கள் திரும்பி "ஸ்டூல் எங்கே? ஸ்டூல்!" என்றார்கள். நான் இடித்துப் புகப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் என் கையிலிருந்து ஸ்டூலைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கினார். அடுத்தவர் வாங்கினார். அது போயிற்று, தலைகளுக்கு மேலே, கால்கள் வானத்தைப் பார்க்க, கை மாறிக் கை மாறி. ஒரு போலீஸ்காரர் கை, கேமரா தொங்கிய ஒரு வெள்ளைக்காரர் கை, பால்குடம் இறக்கிவிட்டுத் திரும்பிவந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கை. எனக்கு முன்னால் ஸ்டூல் போய்ச் சேர்ந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பார்த்தது: பின்கம்பிக்காரர்கள் இருவரும் தண்ணீர்க்காரர்கள் இருவரும் காவடிச் சட்டத்தை நான்கு பக்கமும் தோள்கொடுத்துத் தூக்கி நின்றார்கள். சீனப் பையன் தார்ரோட்டில் ஒரு முழங்காலை ஊன்றி, மறு தொடையை ஆசனமாக நீட்டியிருந்தான். அக்கா மகன் அதில் பாதி உட்கார்ந்திருந்தான். மாமா ஸ்டூலை வைத்துக்கொண்டிருந்தார்.

ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சீனப் பையன் எழுந்து, முட்டியில் ஒட்டியிருந்த கல்லைத் தட்டிவிட்டு, "சித்தி, தண்ணி குடிச்சீங்களா?" என்று அவனுக்குத் தெரிந்த தமிழில் கேட்டான். போனை அணைத்துச் செருப்புப் பைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவில் படம் ஒன்றுமில்லை. அந்தப் பாட்டி படமும் ஆடிப்போயிருக்கிறது.

பினாங்கு ரோடு, கிளமென்சோ அவென்யூ. அங்கிருந்து டேங்க் ரோடு கோபுரம் வரை நான் முழங்காலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அந்தச் சாலைகள் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் இடது முழங்காலில் நான்கு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு இருக்கிறது. அது தெரியும்.

சன்னிதியில் அக்காவின் குடத்துப் பால் வேலுக்குப் போயிற்று. அலகுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தந்த இடத்தில் விபூதி அப்பினார்கள். கடைசியாக நாக்கு வேல். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை "அம்மா"வாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். "அவன் முட்டி என்னாச்சு?" என்று நண்பனைத்தான் கேட்டான்.

அன்னதானத்தில் சாம்பார் சாதம், கூட்டு, ஒரு கரண்டி பாயசம். விலை இல்லை. மூன்று தடவை வாங்கினேன்.

பிப்ரவரி 12, புதன்: வீடு

எழ முடியவில்லை. பாதத்தில் இரண்டு கொப்புளம், தோளில் ஸ்டூல் விளிம்பின் அச்சு. வெளியே பேய்மழை. பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு மாக்சிக் வந்தார். மலாய்க்கார அம்மாள். கையில் ஒரு தட்டு பிசாங் கோரெங், சுடச்சுட வாழைப்பழ பஜ்ஜி. அவரும் அக்காவும் மலாயில் பேசிச் சிரித்தார்கள். என் பாதத்தைப் பார்த்ததும் வீட்டுக்குப் போய் ஒரு தைலப் புட்டியோடு திரும்பினார். நான் கூச்சத்தில் காலை இழுக்க, கணுக்காலைப் பிடித்து இழுத்துத் தடவினார். வலித்தது. சுகமாகவும் இருந்தது.

மத்தியானம், வேலை முடிந்ததே என்று குளிர்பெட்டிப் பட்டியலைக் கழற்றினேன். அதற்குக் கீழே இன்னொரு தாள் இருந்தது. ஓரம் மஞ்சளாகி, காந்தத்தின் வட்டம் பதிந்த பழைய தாள். அக்காவின் சிகிச்சைக்கான ஆறு தேதிகள், மூன்று வாரத்துக்கு ஒன்றாக. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே பெயர்கள். கூடப் போக: பெரியண்ணன். கஞ்சி: மாக்சிக். இரவு தங்க: ஓரகத்தி. டாக்சி: சீனப் பையனின் அப்பா, அவர் டாக்சி ஓட்டுகிறவராம். மாத்திரை நேரம் பார்க்க: ஹார்பர் மாமா. ஏறக்குறைய அதே 22 பேர்.

மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தேன். என் பெயர் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. அந்த ஆறு தேதியிலும் நான் சென்னையில் இருந்தேன். மார்ச் கணக்கு முடிப்பு, அப்புறம் வருமான வரி. ஒன்றரை லட்ச ரூபாய் அனுப்பினேன். அனுப்பிவிட்டேன் என்று நோட்டில் டிக்கும் போட்டிருந்தேன்.

அக்கா பின்னால் வந்து நின்றாள். "நீ அனுப்பின பணம் நல்ல நேரத்துல வந்துச்சுடி" என்றாள். குரலில் ஒரு குத்தலும் இல்லை. "கஞ்சியை அனுப்ப முடியாதுல்ல, அதான் மாக்சிக்." பிறகு, "ரெண்டையும் அங்கேயே மாட்டு. குளிர்பெட்டி வெறுமையா இருந்தா நல்லால்ல" என்றாள்.

மாட்டினேன். பழையதைக் கீழே மறைக்காமல், பக்கத்தில்.

பிப்ரவரி 13, வியாழன்: இடும்பன் பூசை

பூசத்திலிருந்து மூன்றாம் நாள் இடும்பனுக்குப் பூசை செய்தால்தான் காவடிக்காரரின் விரதம் முழுசாக முடியும். படையலில் கோழிக்கறி, ஆட்டுக்கறி, முட்டை, ஒரு சுருட்டு. நாலு நாளாக மூக்கோடு நின்றுபோன பிரியாணிக்கு இன்றுதான் கதிமோட்சம்.

சின்னப் பிள்ளைகளுக்கு மாமா கதை சொன்னார். அகத்தியருக்காக சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் ஒரு தண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான் இடும்பன். களைப்பாற இறக்கி வைத்த இடம் பழனி. திரும்பத் தூக்கினால் அசையவில்லை. மேலே கோலோடு ஒரு சின்னப் பையன். சண்டை. இடும்பன் செத்தான். அவன் பெண்டாட்டி இடும்பி வந்து அழுது மன்றாடித்தான் முருகன் அவனை எழுப்பிக் காவலுக்கு வைத்தான்.

"அப்ப இடும்பனுக்கு ஸ்டூல் யாரு தூக்கினா?" என்று ஆறு வயதுப் பெண் கேட்டாள்.

"தூக்க ஆளில்லாமதானே தரையில இறக்கி வச்சான்" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். என் இலையில் யாரோ இன்னொரு துண்டு ஆட்டுக்கறி வைத்தார்கள். யார் என்று பார்க்கவில்லை.

பூசை முடிந்து காவடியைப் பிரித்தோம். வளைவுகள் ஒரு வீட்டுக்கு, தோகை ஒரு வீட்டுக்கு, அலகு டின் இன்னொரு வீட்டுக்கு. ஒரே வீட்டில் வைக்க இடமில்லை என்றுதான் சொன்னார்கள். ஸ்டூல் மாக்சிக் வீட்டுத் தாழ்வாரத்தில். அவருடைய பூந்தொட்டி அதன்மேல் ஏறிவிட்டது. அடுத்த தை வரை அங்கேதான்.

பிப்ரவரி 20, வியாழன்: சென்னை

திரும்பும் விமானம் மூன்று மணி நேரம் தாமதம், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அக்கா மகன் என்னை வாட்சப் குழுவில் சேர்த்திருக்கிறான். நாளுக்கு நாற்பது செய்தி. இட்லி மாவு புளிக்கவில்லை, யாருக்கோ வேலை கிடைத்தது, மாமாவின் முட்டிக்கு எக்ஸ்ரே, சீனப் பையன் தமிழில் தப்பும் தவறுமாக அனுப்பிய காலை வணக்கம். வழக்கமாக இப்படிப்பட்ட குழுக்களிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிடுவேன்.

நேற்று ராத்திரி புதுப் பட்டியல் வந்தது. 2026 தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமையாம். "லீவு மிச்சம்!" என்று எட்டுப் பேர் குதித்திருந்தார்கள். இந்தத் தடவை காவடி பெரியண்ணனுக்கு. கண்: அக்கா மகன். தண்ணீர், பாட்டு, பின்கம்பி. கடைசி வரி "ஸ்டூல் – சித்தி", பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, நான்காவது காலுக்கு ரப்பர் குமிழ் வாங்கணும், உள்வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று மாக்சிக்கிடம் அளந்து சொல்லச் சொல்லுங்கள், ரிச்சி ஸ்திரீட்டில் பார்க்கிறேன் என்று எழுதி அனுப்பினேன்.